நம்ம கோயில் பின்னால நிக்கிற வெள்ளெருக்குக்கு ஒரு வரலாறு இருக்கு

ஓம் கம் கணபதயே நமஹ.

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாயந்திரம் வேலை முடிஞ்சு, குளிச்சிட்டு, ஒரு கோப்பை தேத்தண்ணியோட உட்கார்ந்து பொறுமையா படிங்க.

விஷயம் இதுதான். நம்ம ஆலயத்தின் பின்பக்கம், மடப்பள்ளிக்கும் வேலிக்கும் நடுவுல ஒரு வெள்ளெருக்குப் புதர் நிக்குது. எல்லாரும் பார்த்திருப்பீங்க. சதுர்த்தி வந்தா அதுல பூ பறிச்சுத்தான் பிள்ளையாருக்கு முதல் மாலை கட்டுறோம். இப்போ அந்த இடத்தைச் சமமாக்கி சிமெண்ட் போட்டு கார் நிறுத்தலாம்னு ஒரு யோசனை வந்திருக்கு. அடுத்த பொதுக்கூட்டத்துல பேசுவாங்க. யோசனை சொன்னவங்க கெட்ட எண்ணத்துல சொல்லல. திருவிழா அன்னைக்கு கார் நிறுத்த இடமில்லாம ரோட்டுல நெரிசல் ஆகுறது உண்மைதான். ஆனா பேச்சு வாக்குல ஒரு வார்த்தை வந்தது. "அது வெறும் காட்டுச்செடிதானே, வெட்டினா என்ன" என்று. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நாங்க இந்தப் பதிவை எழுதுறோம். வெட்டுறதோ வைக்கிறதோ பக்தர்கள் முடிவு. அதுக்கு முன்னாடி அந்தச் செடி யாருனு எல்லாரும் தெரிஞ்சுக்கணும்.

ஊர் பேரே ஒரு மரத்தின் பேர்

முதல்ல நம்ம ஊர். புக்கிட் என்றால் குன்று. மெர்தாஜாம் என்பது ஒரு மரத்தின் மலாய்ப் பெயர். அந்த மரம் நிறைய இருந்த குன்று என்பதால் இந்தப் பெயர் வந்தது என்று சொல்றாங்க. இன்னைக்கு பாசார்ல நின்னு கேட்டா அந்த மரத்தை அடையாளம் காட்ட எத்தனை பேரால முடியும்? பெயர் மட்டும் மிச்சம் இருக்கு, மரம் கண்ணுல இருந்து போயிடுச்சு. ஒரு செடி நம்ம வாழ்க்கையில இருந்து எப்படி மறையும் என்பதுக்கு வேற உதாரணம் வேண்டாம்.

செரோக் தொக்குன்ல, செயின்ட் ஆன் தேவாலய வளாகத்துல, ஒரு பழைய பாறைக் கல்வெட்டு இருக்கு. செபராங் பிறையை நிர்வாகம் பண்ணின ஜேம்ஸ் லோ என்ற ஆங்கிலேய அதிகாரி 1845-ல அதை வெளியுலகத்துக்குச் சொன்னார். சமஸ்கிருத மொழி, தென்னிந்திய எழுத்து வகை. ஆயிரம் வருஷத்துக்கும் முந்தினது. அதாவது கரும்புத் தோட்டம், பால்மரத் தோட்டம் எல்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இந்தக் கரைக்கும் நம்ம கரைக்கும் போக்குவரத்து இருந்திருக்கு. எருக்கும் அப்படித்தான். இந்தியா, இலங்கையில ஆரம்பிச்சு தென்கிழக்கு ஆசியா வரைக்கும் தானா வளர்ற செடி அது. மணல் கரை, ரோட்டோரம், வெயில் காயுற வெறும் தரை, இதெல்லாம் அதுக்கு வீடு. மலாய்க்காரங்க ரெமிகா, லெம்பேகா என்று பேர் வச்சிருக்காங்க. இந்தோனேசியாவுல பிடுரி, விடுரி என்பாங்க. ஒரு செடிக்கு ஒரு ஊர்ல சொந்தப் பேர் இருந்தா அது அந்த ஊருக்குப் பழகின செடி என்றுதான் அர்த்தம்.

சங்க காலத்துல எருக்கு

நம்ம தமிழ்ல எருக்கு எவ்வளவு பழசு தெரியுமா? சங்க இலக்கியத்துலயே இருக்கு. சுமாரா இரண்டாயிரம் வருஷம்.

புறநானூற்றில் 106-ஆம் பாட்டு கபிலர் பாடினது. பறம்பு மலையை ஆண்ட பாரி வள்ளலைப் பற்றியது. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி, பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். அந்தப் பாட்டுல கபிலர் சொல்ற கருத்து இது. எருக்கம்பூவை நல்ல பூ என்றும் சொல்ல முடியாது, கெட்ட பூ என்றும் சொல்ல முடியாது. ஆனா ஒருத்தன் தன்கிட்ட இருக்கிறது அதுதான் என்று கொண்டுவந்து கொடுத்தா, கடவுள் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார். அது மாதிரி, ஒண்ணும் தெரியாத எளியவங்க போய் நின்னாலும் பாரி கொடுக்காம அனுப்ப மாட்டான்.

இதை நாங்க படிச்சப்போ நம்ம பிள்ளையார் ஞாபகம்தான் வந்தது. ரோஜா வாங்க முடியாதவனும் மல்லிகை வாங்க முடியாதவனும் ரோட்டோரத்து எருக்கைப் பறிச்சு வந்து போடலாம். காசு இல்லாதவனுக்கும் சாமி உண்டு என்பதுக்கு அடையாளமா இந்தப் பூ இரண்டாயிரம் வருஷமா நிக்குது.

குறுந்தொகை 17-ஆம் பாட்டு பேரெயின் முறுவலார் எழுதினது. அதுல வேற கதை. காதல் கைகூடாத ஆம்பளை, பனைமட்டையில செஞ்ச குதிரை மேல ஏறி, எருக்கம்பூ மாலையைத் தலையில சூடிக்கிட்டு ஊர் நடுவுல வருவான். மடல் ஏறுறது என்று பேர். வெட்கத்தை விட்டுட்டேன், இனி எனக்கு மானம் ஒண்ணும் இல்லை என்று ஊருக்குக் காட்டத்தான் யாரும் சூடாத எருக்கைச் சூடுவான். அதாவது அந்தக் காலத்துலயே இந்தப் பூவுக்கு இரண்டு முகம் இருந்திருக்கு. மனுஷன் தலையில வச்சா அவமானம், சாமி தலையில வச்சா அர்ச்சனை.

சிவன் சடையில, சூரியன் பேர்ல

தேவாரத்துல சிவபெருமானுடைய சடையைப் பாடும்போது கொன்றை, ஊமத்தையோட எருக்கும் வரும். மத்தவங்க ஒதுக்கினதை எடுத்து அணிஞ்சவர் அவர். சுடுகாட்டுச் சாம்பல், பாம்பு, எருக்கு.

தமிழ்நாட்டுல கடலூர் மாவட்டம் விருத்தாசலம் பக்கத்துல ராஜேந்திரப்பட்டினம் என்று ஒரு ஊர். பழைய பெயர் திருஎருக்கத்தம்புலியூர். பெயர்லயே எருக்கு இருக்கு பாருங்க. தேவாரப் பாடல் பெற்ற தலம். அங்க தல விருட்சம் வெள்ளெருக்குதான். சாமிக்கு ஸ்வேதார்க்கவனேஸ்வரர் என்று ஒரு பெயர். ஸ்வேத என்றால் வெள்ளை, அர்க்கம் என்றால் எருக்கு. வெள்ளெருக்கங் காட்டு ஈஸ்வரன் என்று அர்த்தம். திருஞானசம்பந்தரோட ஊர் ஊரா போய் யாழ் வாசிச்ச திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார் பிறந்த ஊரும் அதுதான். அறுபத்து மூவர்ல ஒருத்தர்.

அர்க்கம் என்ற சொல்லுக்கு சூரியன் என்றும் பொருள் உண்டு. அதனாலதான் தை மாசம் ரத சப்தமி அன்னைக்கு ஏழு எருக்கிலையைத் தலையிலயும் தோள்லயும் வச்சுக்கிட்டு குளிக்கிற வழக்கம். நம்ம பாட்டிமார் பலர் தோட்டத்துல இருந்தபோதும் விடாம செஞ்சிருக்காங்க. இன்னொரு சுவையான வழக்கம் அர்க்க விவாகம். மூணாவது கல்யாணம் பண்ணப்போற ஆம்பளைக்கு முதல்ல எருக்கஞ்செடிக்குத் தாலி கட்டச் சொல்வாங்க. மூணாவது தோஷம் செடியோட போகட்டும், பொண்ணு நாலாவதா வரட்டும் என்று கணக்கு. பாவம், எல்லாப் பழியையும் எருக்கு தாங்கிக்கும்.

மகாபாரதம் ஆதி பர்வத்துல உபமன்யு கதை தெரியுமா? குரு சோதிக்கிறார். சாப்பாட்டுக்கு ஒவ்வொரு வழியா அடைக்கிறார். கடைசியில பசி தாங்க முடியாம உபமன்யு எருக்கிலையைத் தின்னுடுறான். கண் பார்வை போய், கிணத்துல விழுந்துடுறான். அப்புறம் தேவ வைத்தியர்களான அஸ்வினி தேவர்களை வேண்டி, பார்வை திரும்ப வருது. இந்தக் கதையைச் சும்மா புராணம் என்று விட்டுடாதீங்க. எருக்கும் கண்ணும் ஆகாது என்று நம்ம பெரியவங்க எவ்வளவு முன்னாடி தெரிஞ்சு வச்சிருந்தாங்க என்பதுக்கு இது சாட்சி. அதைப் பத்தி கீழே சொல்றோம்.

வெள்ளைக்காரன் ஏட்டுல எருக்கு

கொச்சியில டச்சுக்காரங்க ஆண்டப்போ, வான் ரீட் என்ற கவர்னர் மலபார் செடிகளையெல்லாம் படம் வரைஞ்சு பன்னிரண்டு பாகமா புத்தகம் போட வச்சார். ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ். 1678-ல இருந்து 1693 வரைக்கும் ஆம்ஸ்டர்டாம்ல அச்சாச்சு. இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியர் சொன்ன அறிவுதான் அதுக்குப் பெரிய ஆதாரம். அந்தப் புத்தகத்துல எருக்கு, எருக்கு என்ற பெயர்லயே இருக்கு. 1753-ல சுவீடன் நாட்டு லின்னேயஸ் அதுக்கு லத்தீன் பெயர் வச்சார். 1810-ல ராபர்ட் பிரவுன் தனிப் பிரிவா ஆக்கி கலோட்ரோபிஸ் என்று பெயர் கொடுத்தார். கிரேக்க மொழியில அழகான படகின் அடிக்கட்டை என்று அர்த்தமாம். பூவின் நடுவுல கிரீடம் மாதிரி எழும்பி நிக்கிற பாகத்தைப் பார்த்து வச்சது.

நாரைப் பத்தியும் சொல்லணும். எருக்கந்தண்டின் பட்டையில இருந்து எடுக்கிற நார் ரொம்ப உறுதி. அந்தக் காலத்துல வில்லுக்கு நாண், மீன் பிடிக்கத் தூண்டில் கயிறு எல்லாம் இதுல திரிச்சாங்க. கோயம்புத்தூர் பக்கம் பருத்தி ஆராய்ச்சி பண்ணின டாக்டர் ராபர்ட் வைட், சென்னை மாகாணத்து நார்களையெல்லாம் ஒரே கனத்துல கயிறா திரிச்சு எடை தொங்கவிட்டுப் பார்த்தார். தேங்காய் நார் 224 பவுண்டுல அறுந்தது. பருத்தி 346. சணப்பு 407. எருக்கு 552 பவுண்டு தாங்கியது. 1855-ல ராயில் என்பவர் போட்ட இந்திய நார்ச்செடிகள் புத்தகத்துல இந்தக் கணக்கு வந்தது. வெறும் காட்டுச்செடி என்று சொன்னது தேங்காய் நாரைப் போல இரண்டு மடங்குக்கு மேல தாங்கியிருக்கு.

கடல் தாண்டின மாலை

நம்ம முன்னோர் கதை எல்லாருக்கும் தெரியும். 1800-களில் செபராங் பிறையில கரும்புத் தோட்டம் போட்டப்போ ஒப்பந்தக் கூலிகளா வந்தாங்க. பத்து காவான், நிபோங் திபால் பக்கமெல்லாம் கரும்புதான். 1910-ல ஒப்பந்த முறை நின்னது. அதுக்குள்ள பால்மரம் வந்து, கங்காணி மூலமா இன்னும் ஆயிரக்கணக்கில் வந்தாங்க. அப்புறம் ரஜூலா கப்பல், 1926-ல இருந்து 1973 வரைக்கும், மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு என்று ஓடினது. இறங்கினவங்க எஸ்டேட்டுல முதல்ல வச்சது மரத்தடியில ஒரு கல், அதுக்கு ஒரு விளக்கு, ஒரு பூ. அந்தப் பூ வேலியோரத்துல கிடைச்ச செம்பருத்தி, அரளி, எருக்கு. பணம் கொடுத்து வாங்கின பூ இல்ல.

பால்மரம் சீவினவங்களுக்கு எருக்கு ஒண்ணும் புதுசா தெரிஞ்சிருக்காது. ஒடிச்சா அதுலயும் வெள்ளையா பால் வரும்.

இந்தப் பூவை நாம மட்டும்தான் மாலை கட்டுறோம் என்று நினைக்காதீங்க. ஹாட்யாய் போறவங்க கவனிச்சிருப்பீங்க. தாய்லாந்துக்காரங்க கட்டுற மாலையில வெள்ளையா, மெழுகு மாதிரி சின்னச் சின்னதா கோர்த்திருப்பாங்களே, அது எருக்கு. அங்க அதுக்கு டோக் ராக் என்று பேர். ராக் என்ற சொல்லுக்கு அவங்க மொழியில அன்பு என்று ஒரு பொருள் உண்டு. அதனால கல்யாணத்துக்கு விசேஷம். நம்ம ஊர்ல மடல் ஏறினவன் சூடின பூ, அங்க மாப்பிள்ளை பொண்ணுக்கு.

இன்னும் தூரம் போங்க. பசிபிக் கடல் நடுவுல ஹவாய் தீவு. அங்க எருக்குக்குக் கிரீடப் பூ என்று பெயர். ஹவாயின் கடைசி அரசி லிலியுகலானிக்கு இது பிடிச்ச பூ. பூவின் நடுவுல கிரீடம் இருப்பதால ராஜ பூ என்று கொண்டாடினாங்க. 1893-ல அந்த அரசியைப் பதவியில இருந்து இறக்கிட்டாங்க. ஆட்சி போச்சு, ஆனா கிரீடப் பூ மாலை இன்னும் அங்க இருக்கு.

வண்டுக்கும் பூவுக்கும் உள்ள ஒப்பந்தம்

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றோம். பிள்ளையாருக்கு ஒரு நாள் பூ கொடுக்கிற அந்தச் செடி, மத்த நாள்ல யாருக்குக் கொடுக்குது?

காலையில ஒரு பத்து மணிக்குப் போய் அந்தப் புதர் கிட்ட நில்லுங்க. பெரிசா, கருப்பா, விமானம் மாதிரி சத்தம் போட்டுக்கிட்டு ஒரு வண்டு வரும். பயப்படாதீங்க. அது தச்சன் வண்டு. காய்ஞ்ச மரத்துல துளை போட்டு முட்டை வைக்கும், அதனால அந்தப் பேர். ஆளைத் துரத்தி வந்து கொட்டுற ஜாதி இல்ல.

எருக்கம்பூ மத்த பூ மாதிரி மகரந்தத்தைத் தூளா வச்சிருக்காது. இரண்டு சின்னப் பையில அடைச்சு, நடுவுல ஒரு கொக்கி போட்டு மாட்டி வச்சிருக்கும். பூவின் கிரீடத்துல ஐந்து பள்ளம், ஐந்து வெட்டு. தேன் குடிக்க வர்ற வண்டு காலை ஊன்றும்போது கால் அந்த வெட்டுக்குள்ள வழுக்கிப் போகும். இழுத்து எடுக்கும்போது கொக்கி காலில் மாட்டி, பை இரண்டும் கூடவே வந்துடும். அடுத்த செடியில போய் உட்காரும்போது அந்தப் பை சரியா அந்த வெட்டுக்குள்ள போய் மாட்டணும். ஃபேக்டரியில ஜிக்ல பாகத்தைப் பொருத்துற மாதிரி, கொஞ்சம் தப்பினாலும் ஆகாது. சின்னத் தேனீக்கு இந்தக் கொக்கியை இழுக்கப் பலம் பத்தாது. தச்சன் வண்டு மாதிரி பெரிய ஆள்தான் வேணும். 1974-ல வான்டார்ப் என்ற சுவீடன் ஆராய்ச்சியாளர் எருக்கையும் தச்சன் வண்டையும் பத்தி தனிக் கட்டுரையே எழுதியிருக்கார்.

ஒரு செடியின் மகரந்தம் பெரும்பாலும் அதே செடிக்குப் பலிக்காது. வேற செடியில இருந்து வரணும். நம்ம கோயில் எருக்கு வருஷம் முழுக்கப் பூக்குது, ஆனா காய் அபூர்வமா ஏன் பிடிக்குதுனு கேட்டவங்களுக்கு இதுதான் பதில். சுத்துப்பட்டுல அதுக்கு ஜோடி இல்ல.

தச்சன் வண்டு எருக்கோட நிக்கிறதில்ல. கத்திரிக்காய், முருங்கை, பாசிப் பழக்கொடி, அகத்தி எல்லாத்துக்கும் அது வேலை செய்யுது. வீட்டுக்குப் பின்னால இரண்டு கத்திரிச்செடி வச்சிருக்கிற அக்காமாருக்கு, இந்த வண்டு சம்பளம் வாங்காத வேலைக்காரன். மத்த பூ இல்லாத நாள்லயும் எருக்கு அதுக்குச் சோறு போடுது.

இலையைத் தின்கிற புழு

"எருக்கிலையெல்லாம் புழு தின்னு ஓட்டையா இருக்கு, மருந்து அடிங்க" என்று அடிக்கடி சொல்றாங்க. தயவுசெய்து வேண்டாம். வெள்ளை, கருப்பு, மஞ்சள் வரி போட்டு, முதுகுல மூணு ஜோடி கருப்புக் கொம்பு வச்ச புழு என்றால், அது வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் குழந்தை. செங்காவி நிறத்துல, இறக்கை ஓரம் கருப்பா, வெள்ளைப் புள்ளியோட கோயில் சுத்துல பறக்கிறது அதுதான். அந்தப் புழு எல்லா இலையையும் தின்னாது. எருக்கும் எருக்கின் சொந்தக்காரச் செடிகளும்தான் அதுக்கு உணவு. எருக்கின் விஷத்தை உடம்புல சேர்த்து வச்சுக்கும். பறவை ஒரு தடவை கொத்தினா வாந்திதான், அடுத்த தடவை கிட்டவே வராது. இலை போனா போகட்டும், இரண்டு வாரத்துல எருக்கு திரும்பத் துளிர்க்கும். அதுக்குப் பழக்கம்.

அமெரிக்காவுல இதே குடும்பத்துல மொனார்க் என்று ஒரு பட்டாம்பூச்சி. கனடாவுல இருந்து மெக்சிகோ மலைக்காடு வரைக்கும் ஆயிரக்கணக்கான மைல் பறந்து போகும். அதுக்கும் எருக்கின் பங்காளிச் செடிதான் சோறு, பால்களை என்று வச்சுக்கலாம். அங்க வயல்ல களைக்கொல்லி அடிச்சு அடிச்சு அந்தச் செடியை அழிச்சாங்க. கூடவே பட்டாம்பூச்சியும் குறைஞ்சது. 2022-ல உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இந்தப் பயணம் போகிற மொனார்க்கை அழிவு ஆபத்துப் பட்டியல்ல சேர்த்தது. இப்போ அங்க ஜனங்க வீட்டு முற்றத்துல அதே களையைத் தேடித் தேடி நடுறாங்க. பள்ளிக்கூடம், சர்ச் வளாகம் எல்லாத்துலயும்.

இன்னொரு செய்தி கேளுங்க. இரண்டாவது உலகப் போர்ல ஜப்பான்காரன் மலாயாவையும் ஜாவாவையும் பிடிச்சான். நம்ம தாத்தா பாட்டி மரவள்ளி தின்ன காலம். ஜாவாவுல இருந்து போன இலவம் பஞ்சு அமெரிக்காவுக்குக் கிடைக்காம போச்சு. கப்பல் சிப்பாய் போடுற மிதவைச் சட்டைக்கு அதுதான் அடைப்பாங்க. அப்போ அமெரிக்காவுல பள்ளிக்கூடப் பிள்ளைகளை அனுப்பி, இந்தப் பால்களையின் காயைப் பொறுக்கச் சொன்னாங்க. காய்க்குள்ள இருக்கிற பஞ்சை அடைச்சுச் சட்டை தைச்சாங்க. இரண்டு மூட்டை காய் ஒரு உயிரைக் காப்பாத்தும் என்று பிரச்சாரம். களை என்று ஒதுக்கினதை, தேவை வந்தப்போ தேடிப் போனாங்க.

நம்ம தோட்டத்துல நடந்தது

அமெரிக்கா வரைக்கும் போக வேண்டாம். நம்ம தோட்டங்கள்ல களைக்கொல்லி அடிச்சது யாரு? பெரும்பாலும் நம்ம பொம்பளைங்க. முதுகுல பம்பைக் கட்டிக்கிட்டு, பராகுவாட் மருந்தை நாள் முழுக்க அடிச்சாங்க. மூக்குல ரத்தம், நகம் கழண்டது, தோல் புண்ணு, கண் எரிச்சல். இந்த வயசுல இருக்கிற பல குடும்பத்துல இந்தக் கதை இருக்கும். 2002-ல அரசாங்கம் தடை பண்ணினது, 2006-ல தளர்த்தினது, கடைசியா 2020 ஜனவரி 1-ல இருந்து முழுசா தடை. அந்த மருந்து கொன்னது களையை மட்டும் இல்ல. வரப்போரத்துப் பூவும், அந்தப் பூவை நம்பின வண்டும், மருந்தடிச்சவங்க ஆரோக்கியமும் சேர்ந்துதான் போச்சு. அதனாலதான் சொல்றோம், கோயில் நிலத்துலயாவது மருந்து வேண்டாம்.

எப்படி வளர்க்கிறது, எப்படித் தொடுறது

வீட்டுல வைக்க விரும்புறவங்களுக்கு. கட்டைவிரல் கனமுள்ள தண்டை ஒரு முழத்துக்கும் குறைவா வெட்டி, வெட்டின இடத்துல பால் காயுற வரைக்கும் ஓரிரண்டு நாள் நிழல்ல வைங்க. அப்புறம் மணல் கலந்த மண்ணுல நடுங்க. நல்ல வெயில் வேணும். தண்ணி தேங்கக் கூடாது, வேர் அழுகிடும். நம்ம மழைக்கு மேட்டுல வச்சாத்தான் நல்லது. வேர் பிடிச்சா வருஷக்கணக்கா நிக்கும், ஆள் உயரத்துக்கு மேல போகும், வெட்டிவிட்டா திரும்பத் தழைக்கும். ஒரே செடியில இருந்து எல்லாரும் தண்டு எடுத்தா எல்லாமே ஒரே செடிதான், காய் பிடிக்காது. வெவ்வேறு இடத்துச் செடியில இருந்து எடுங்க. ஊதாவும் வெள்ளையும் ஒரே இனம்தான், கலந்து வைக்கலாம்.

ஜாக்கிரதையும் சொல்லணும். பால் கண்ணுல படக்கூடாது. உபமன்யு கதையை ஞாபகம் வச்சுக்குங்க. பூஜைக்குப் பூ பறிக்கும்போது கண்ணுல பால் தெறிச்சு ஆஸ்பத்திரிக்கு வந்தவங்களைப் பத்தி இந்தியக் கண் மருத்துவர்கள் எழுதியிருக்காங்க. பயங்கரம் என்னன்னா, பல பேருக்கு வலியே இருக்காது, பார்வை மட்டும் மங்கும். வலிக்கலையேனு சும்மா இருந்துடாதீங்க. உடனே சுத்தமான தண்ணியில பத்துப் பதினைந்து நிமிஷம் விடாம கழுவி, அன்னைக்கே கண் டாக்டரைப் பாருங்க. பறிக்கிறவங்க கையுறை, கண்ணாடி போடணும். பிள்ளைகளைப் பறிக்க விடாதீங்க. இலையையோ பாலையோ மருந்துனு யாரும் உள்ளுக்குச் சாப்பிடாதீங்க.

வேர் கேட்டு வர்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளெருக்கு வேர்ல பிள்ளையார் செஞ்சு வச்சா நல்லதுனு நம்பிக்கை இருக்கு, மதிக்கிறோம். ஆனா வேரைத் தோண்டினா செடி செத்துடும். ஒரு வீட்டுப் பூஜை அறைக்காக ஊர் பிள்ளையாரின் பூவை இல்லாம பண்ணக் கூடாது. அதனால நாங்க வேர் கொடுக்கிறதில்ல. தண்டு கேளுங்க, சந்தோஷமா தருவோம். உயிரோட வளர்ற எருக்கை விட உசத்தியான பிள்ளையார் எது?

எங்க வேண்டுகோள்

நாங்க கார் நிறுத்த இடம் வேண்டாம்னு சொல்லல. வயசானவங்க மழையில தூரம் நடந்து வர்றதை நாங்களும் பார்க்கிறோம். பொதுக்கூட்டத்துல மூணு விஷயம் முன்வைக்கப் போறோம்.

ஒண்ணு, சிமெண்ட் போடுறதா இருந்தா வேலியோரமா மூணு அடி அகலத்துக்கு மண் தரை விட்டுடணும். ஒரு காருக்குக்கூட இடம் குறையாது.

இரண்டு, இருக்கிற புதரை இப்போ வெட்டாம, முதல்ல தண்டு எடுத்து வளர்த்து, வேலியோரத்துல புதுச்செடி பூத்த பிறகுதான் பழசைத் தொடணும். கூடவே வேற ஊர்ல இருந்து வாங்கின எருக்கும் இரண்டு வைக்கணும், ஜோடி கிடைக்கட்டும். பிள்ளைகள் ஓடி விளையாடுற பக்கம் இல்லாம, கம்பி கட்டி, "பால் கண்ணுக்கு ஆகாது" என்று மூணு மொழியிலயும் பலகை வைக்கணும். பயப்படுற பெற்றோருக்கு அது பதில்.

மூணு, ஆலய வளாகத்துல களைக்கொல்லி அடிக்கிறதில்லைனு தீர்மானம் போடணும். புல் வெட்ட மாசம் ஒரு ஞாயிறு கோத்தோங் ரோயோங் வச்சா நாங்க வர்றோம். மண்வெட்டி எங்களுது, தேத்தண்ணி உங்களுது.

கூட்டத்துக்கு உறுப்பினர்கள் அவசியம் வாங்க. ஆதரிச்சும் பேசலாம், எதிர்த்தும் பேசலாம், ஆனா தெரிஞ்சு பேசுங்க. எருக்கு தண்டு வேணும்னா பூஜை முடிஞ்சு மடப்பள்ளி பக்கம் எங்களைக் கேளுங்க. உங்க பாட்டி, தாத்தா எஸ்டேட்டுல எருக்கைப் பத்திச் சொன்னது ஏதாவது ஞாபகம் இருந்தா கீழே எழுதுங்க. அதெல்லாம் எந்தப் புத்தகத்துலயும் இல்ல, நம்மகிட்டதான் இருக்கு.

இரண்டாயிரம் வருஷமா யார் கொடுத்தாலும் வேண்டாம்னு சொல்லாம கடவுள் வாங்கிக்கிட்ட பூ இது. நம்ம காலத்துல, நம்ம கோயில்ல, நாம வேண்டாம்னு சொல்லிட வேண்டாம்.

எல்லாருக்கும் பகிருங்க. விநாயகப் பெருமான் அருள் எல்லாக் குடும்பத்துக்கும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
ஆலயத் தொண்டர் குழு
புக்கிட் மெர்தாஜாம்